அப்பா வாங்காத வெற்றிலை

பெனரில் இருந்தது என் அப்பாவின் தலை மட்டும்தான். கழுத்துக்குக் கீழே இருந்தது யாருடைய உடம்போ.

எஹலியகொட டவுனில் சடங்கு வீட்டுக்கும் சாவு வீட்டுக்கும் ஒரே கடையில்தான் பெனர் அடிக்கிறார்கள். அந்தக் கடைக்காரன் கம்ப்யூட்டரில் தேடி, ஏதோ ஒரு பெரிய இராணுவ அதிகாரியின் படத்தைப் பிடித்து, தலையை வெட்டி எறிந்துவிட்டு, அந்த இடத்தில் அப்பாவின் அடையாள அட்டைத் தலையை ஒட்டியிருந்தான். நெஞ்சு நிறையப் பதக்கம். இடுப்பில் துப்பாக்கி. அதற்கு மேலே அப்பாவின் ஒட்டிப்போன கன்னமும், எதற்கோ மன்னிப்புக் கேட்கிற அந்தக் கண்களும்.

மேலே சிங்களத்தில் 'ரணவிரு', அதாவது போர் வீரர், என்று ஒரு வரி. கீழே தமிழில் 'எங்கள் தோட்டம் ஈன்ற போர்ச் சிங்கம்' என்று ஒரு வரி. முதலில் 'போர்ப்புலி' என்றுதான் எழுதிக் கொடுத்தார்களாம். ஆமிக்காரர் சாவுக்கு அப்படி அடிக்கலாமா என்று யாரோ பயந்துபோய்ச் சிங்கமாக்கினார்களாம். என் அப்பா புலியும் இல்லை, சிங்கமும் இல்லை. வீட்டுப் பூனை கத்தினாலே "பாப்பா, அதுக்குப் பசிக்குது போல" என்று எழுந்துபோகிறவர்.

எங்கள் ரப்பர் தோட்டத்தில் தொழிலாளர் வீடுகள் வரிசையாக இருக்கும் லயத்துக்குத் திரும்பும் முடக்கில், இரண்டு ரப்பர் மரங்களுக்கு நடுவே அந்தப் பெனர் காற்றில் படபடத்துக்கொண்டிருந்தது. அதன் கீழே நின்று, கையில் மைக்கை வைத்துக்கொண்டு, தோட்டத் தலைவர் பேசினார். கோயில் கமிட்டிக்கும் அவர்தான் தலைவர். அவருக்கு முன்னால் அவருடைய அப்பா தலைவர். அதற்கு முன்னால் அவர் தாத்தா பெரிய கங்காணி. அந்த வீட்டில் தொட்டிலில் கிடக்கும்போதே தலைவராகிவிடுவார்கள் போலிருக்கிறது.

"நம்ம தோட்டத்துக்கே பெருமை தேடித் தந்த ஐயா, நம்ம கருப்பையா ஐயா, இன்னைக்கு நம்மள விட்டுட்டுப் போயிட்டாரு..."

ஐயாவாம். உயிரோடு இருந்தவரை அதே வாய் அவரை 'பீப்பி' என்றுதான் கூப்பிட்டது.

சென்ற வாரம் இந்தப் பத்தியில் நான், தோட்டத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைமடுவத்து ஆயாவைப் பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டுச் சிலர், 'உங்கள் தந்தையார் போரில் ஈடுபட்ட வீரராமே, அதை எழுதக்கூடாதா' என்று கேட்டிருந்தார்கள். பெனரைப் பார்த்தவர்களாக இருக்கும். சரி, எழுதிவிடுகிறேன். கேட்டவர்கள் கடைசிவரை இருந்து படிக்க வேண்டும்.

ஊத வராத ஊதுகாரர்

என் அப்பா சண்டைக்கே போகாத சிப்பாய். ஆமியில் அவர் பார்த்த வேலை ஊதுவது. வாத்தியக் குழுவில் கொர்னட் என்று ஒன்று உண்டு. பித்தளையில் செய்த, கைக்கு அடக்கமான ஊதுகருவி. அதைத்தான் அவர் தன் வாலிபம் முழுக்க ஊதினார். சண்டை பெரிதாக வெடிப்பதற்கு முன்பே பென்ஷன் வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். துப்பாக்கியைத் துடைத்திருக்கிறாரே தவிர யாரையும் நோக்கிப் பிடித்ததில்லை.

ஊதினாராவது நன்றாக ஊதினாரா என்றால், அதுவும் இல்லை. நான் ஒரு மிட்வைஃப். சினை மாடு கன்று ஈனத் திணறும்போது போடும் சத்தத்தையும் கேட்டிருக்கிறேன், என் அப்பா கொர்னட் ஊதுவதையும் கேட்டிருக்கிறேன். மாடு பரவாயில்லை.

ஓய்வுபெற்ற பிறகு கொழும்பில் எங்கோ ஒரு பழைய கொர்னட்டை வாங்கிவந்து, சாயங்காலம் வேலிப் பக்கம் நின்று ஊதுவார். மேல் லயத்துப் பையன்கள் அங்கிருந்தே "பீப்பி! பீப்பி!" என்று கத்துவார்கள். அப்பா ஊதி முடித்து, அதைத் துணியால் துடைத்து, தலைமாட்டில் வைத்துவிட்டு, அம்மாவுக்கு அரிசி களைந்து கொடுக்கப் போய்விடுவார்.

இந்த மோசமான ஊதலின் கதையை எனக்குச் சொன்னவர் சோமபால மாமா. அப்பாவோடு ஒரே குழுவில் இருந்த சிங்களவர், ரம்புக்கனைக்காரர். வருடத்துக்கு ஒரு தடவையாவது எங்கள் வீட்டுக்கு வருவார். வந்தால் ஒரு சீப்பு வாழைப்பழமும், அரைகுறைத் தமிழும், ஊர்ப்பட்ட சிரிப்பும் கொண்டுவருவார்.

அப்பா சேர்ந்த முதல் வாரம், புதுப் பையன்களை வரிசையில் நிறுத்தி, யாருக்குத் தாளம் வருகிறது என்று பார்க்க ஒவ்வொருவர் கையிலும் கொட்டுக் குச்சியைக் கொடுத்தாராம் வாத்திய மாஸ்டர். அப்பாவின் முறை வந்தது. அப்பா அடித்தார். ஓர் அடிகூடத் தாளத்தில் விழவில்லையாம். முன்னால் விழுந்தது, பின்னால் விழுந்தது, விழவேண்டிய இடத்தில் மட்டும் விழவே இல்லை. மாஸ்டர் குச்சியைப் பிடுங்கி எறிந்துவிட்டு, ஆள் குறைவாக இருந்த கொர்னட்காரர்கள் பக்கம் தள்ளிவிட்டாராம்.

"அப்ப எல்லாம் சிரிச்சாங்க" என்றார் சோமபால மாமா. "நான் சிரிக்கேல்ல. யோசிச்சேன். மகள், அந்த மாதிரி எல்லா அடியும் பிழையா அடிக்க, தாளம் நல்லாத் தெரிஞ்ச ஆளாலதான் முடியும். தெரியாத ஆளுக்கு ஒண்ணு ரெண்டாவது சரியா விழுந்திரும், நே?"

அப்பா பக்கத்தில் உட்கார்ந்து பயற்றங்காய் ஒடித்துக்கொண்டிருந்தார். காதுமட்டும் சிவந்துபோயிருந்தது.

வெற்றிலை வந்தால்

அவருக்குத் தாளம் எப்படித் தெரியாமல் இருக்கும்? எங்கள் குடும்பம் தலைமுறை தலைமுறையாகச் சாவுக்குத் தப்பு அடித்த குடும்பம். சாதிப் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. எங்கள் தோட்டத்தில் 'கீழ் லயம்' என்றாலே போதும், கேட்டவர் இரண்டடி தள்ளி நின்றுகொள்வார்.

தப்பு தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். வட்டச் சட்டத்தில் மாட்டுத் தோலை இழுத்துக் கட்டியது. நெருப்பில் காய்ச்சினால்தான் பேசும். மேல் லயத்தில் ஒரு சாவு விழுந்தால், ஒரு தட்டில் வெற்றிலை, பாக்கு, ஒரு நாணயம் வைத்து எங்கள் தாத்தா வீட்டு வாசலில் கொண்டுவந்து வைப்பார்கள். கையில் கொடுக்க மாட்டார்கள், தரையில்தான் வைப்பார்கள். வெற்றிலையை எடுத்துக்கொண்டால் போக வேண்டும். எடுக்காமல் இருக்க முடியாது. கேட்பதுபோல் இடப்படும் கட்டளை அது.

ஒருமுறை கங்காணி வீட்டில் சாவு. அடைமழை. தாத்தா சாக்கடைக் காணோரத்தில் நின்று அடிக்கிறார். நனைந்த தோல் தொய்ந்துபோகிறது. வாலிபனாக இருந்த அப்பா மாணாப் புல்லும் சுள்ளியும் பொறுக்கிவந்து நெருப்புப் போடுகிறார். அதுவும் நனைந்து புகைகிறது. சத்தம் குறைந்ததற்கு உள்ளே இருந்து திட்டு வருகிறது. சாப்பாட்டு நேரத்தில் இலையில் மடித்த சோற்றைப் படிக்கட்டில் நின்றபடியே தாத்தாவை நோக்கி வீசுகிறார்கள். பொதி காணுக்குள் விழுகிறது. தாத்தா அதை எடுத்துத் துடைத்துச் சாப்பிடுகிறார்.

இதை அப்பா தன் ஆயுளில் ஒரே தடவைதான் எங்களிடம் சொன்னார். சொல்லும்போது அழவில்லை. நான்தான் அழுதேன்.

தாத்தாவுக்கு எப்படியோ பிரஜாவுரிமை கிடைத்திருந்தது. தோட்டத்தில் பாதிப் பேர் எந்த நாட்டுக்காரர் என்று எந்த நாட்டுக்குமே தெரியாத காலம் அது. அந்த அதிர்ஷ்டத்தைப் பிடித்துக்கொண்டு அப்பா பால் லொறியில் தொற்றி ஊரைவிட்டுப் போய் ஆமியில் சேர்ந்தார். நாட்டுப்பற்று என்று தலைவர் மைக்கில் முழங்கினாரே, அந்தப் பற்று இதுதான். காணில் விழுந்த சோற்றுப் பொதியிலிருந்து எவ்வளவு தூரம் ஓட முடியுமோ அவ்வளவு தூரம் ஓடினார். ஓடிப்போய்ச் சேர்ந்த இடத்தில் கையில் ஒரு கொட்டுக் குச்சியைக் கொடுத்தால், பாவம், மனிதன் என்னதான் செய்வார்?

பீலிக்கரை ஆண்பிள்ளை

பென்ஷனோடு திரும்பி வந்தவருக்குத் தோட்டத்தில் சொந்தமாக ஒரு கல் கிடையாது. நாங்கள் இருந்த ஒற்றை அறைக் காம்பரா அம்மாவின் பெயரில் இருந்தது. அம்மா ரப்பர் பால்வெட்டுக்காரி. விடிவதற்குள் மலையில் நிற்க வேண்டும். அதனால் வீட்டை அப்பா எடுத்துக்கொண்டார்.

எடுத்துக்கொண்டார் என்றால் சும்மா அல்ல, முழுசாக. சமைப்பார். என் தலையை இரட்டைப் பின்னலாகப் பின்னி, ரிப்பனை ஆமிக்காரர் மடிப்பாக மடித்துக் கட்டுவார். தம்பியின் பள்ளிக்கூடச் சட்டையைக் கரிப்பெட்டியால் தேய்த்தால் அந்த விளிம்பில் கை வைத்தால் வெட்டும். அம்மாவின் உடுப்பில் ரப்பர் பால் நாற்றம் ஏறிப்போயிருக்கும். அதைத் தண்ணீர்ப் பீலிக்குக் கொண்டுபோய், எல்லாப் பெண்களும் பார்க்க, சவர்க்காரம் போட்டு அலசிக் காயப்போடுவார்.

"பொண்டாட்டி சேலைய அலசுறதுக்கா ஆமில சேந்த?" என்று கேட்காத ஆண்பிள்ளை அந்தத் தோட்டத்தில் இல்லை.

"அவ வெட்டுன பாலுலதான் நீங்களும் நானும் சோறு திங்கிறோம். நாத்தம் மட்டும் அவளுக்கா?" என்பார் அப்பா. இதைச் சண்டையாகச் சொல்லமாட்டார், பேச்சோடு பேச்சாகச் சொல்வார். கேட்டவன் பல்லைக் காட்டிவிட்டுப் போய்விடுவான். அவன் வீட்டுக்காரியின் உடுப்பை அவள்தான் வேலை முடிந்து வந்து அலசிக்கொண்டிருப்பாள்.

போர்க் காலத்தில் அவர் பாடு இன்னும் வேடிக்கை. தமிழன் என்று ரோட்டில் ஆமிக்காரன் மறித்து நிறுத்துவான். ஆமியில் இருந்தவர் என்று தமிழர்கள் ஒதுங்கிப் போவார்கள். பஸ்ஸில் பக்கத்து இருக்கை எப்போதும் காலியாக இருக்கும். "வசதியாத்தான் இருக்கு, காலை நீட்டலாம்" என்று சொல்லிச் சிரிப்பார். இன்றைக்குச் சிங்கம் என்று பெனர் கட்டிய இதே கைகள், அன்றைக்கு அவர் வருவதைக் கண்டால் கதவைச் சாத்தின. அதையும் எழுதாமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது.

எங்கள் வீட்டுக்கு வராத தேர்

அப்பா திரும்பி வந்த சில மாதங்களில், அப்போதைய தலைவரின் தாயார் செத்துப்போனார். தாத்தா அதற்கு முன்பே இறந்துவிட்டார். அதனால் தட்டு எங்கள் வாசலுக்கு வந்தது. நான் அப்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தேன். அந்தத் தட்டு தரையில் உரசிய சத்தம்கூட எனக்கு நினைவிருக்கிறது.

அப்பா கதவடிக்கு வந்து, மரியாதையாக நின்று, தட்டைப் பார்த்தார்.

"எனக்குத் தப்பு வராதுங்க. ஊதத்தான் வரும். வேணும்னா கொர்னட்ட எடுத்துக்கிட்டு வர்றேன், வாசல்ல நாக்காலி போடுங்க. உக்காந்து ஊதுறேன்."

நையாண்டிக்காக அவர் இதைச் சொல்லவில்லை. உண்மையாகவே போயிருப்பார். ஆனால் கீழ் லயத்துக்காரனுக்கு வாசலில் நாற்காலியா? தட்டு திரும்பிப் போனது. அன்றிலிருந்து எங்கள் வீட்டைத் தள்ளிவைத்தார்கள். என் சித்தப்பா பயந்துபோய்த் தப்பை எடுத்துக்கொண்டார். சாவுக்குச் சாவு கொடுத்த சாராயமே கடைசியில் அவரைக் கொண்டுபோய்விட்டது.

தள்ளிவைப்பது என்றால் என்ன என்று டவுனில் இருப்பவர்களுக்குப் புரியாது. யாரும் அடிக்க மாட்டார்கள், திட்ட மாட்டார்கள். உங்கள் வீட்டு நல்லது கெட்டதுக்கு வரமாட்டார்கள், அவ்வளவுதான். மாரியம்மன் தேர் எல்லா லயத்துக்கும் போகும், எங்கள் முடக்கு வந்ததும் திரும்பிவிடும். அம்மனுக்கு எங்கள் மேல் என்ன கோபமோ, அதைக் கமிட்டியிடம்தான் கேட்க வேண்டும்.

நான் பெரிய மனுஷியான சடங்குக்கு அப்பா பந்தல் போட்டு, ஊருக்கே சமைத்தார். வந்தவர்கள் இரண்டு பேர். சோமபால மாமாவும் அவர் மனைவியும். அந்த அம்மா ஒரு பெட்டி நிறையக் கொண்டைப் பலகாரம் சுட்டுக்கொண்டுவந்து, என் தலையில் தண்ணீர் ஊற்றி, தாய்மாமன் முறைக்கு ஆள் இல்லை என்று தெரிந்ததும் சோமபால மாமாவைப் பிடித்து மாலை போடச் சொன்னார். மிஞ்சிய சோற்றை நாங்கள் எத்தனையோ வேளை தின்றோம். இன்றைக்கும் எனக்குக் கத்தரிக்காய்ப் பிரட்டல் என்றால் தொண்டையில் இறங்காது.

காலம் போனது. நான் மிட்வைஃப் ஆனேன். மேல் லயத்துக் கதவெல்லாம் எனக்குத் திறந்தது. திறக்காமல் என்ன செய்வார்கள்? வலி வந்தால் சாதி பார்த்துக்கொண்டா இருக்க முடியும்? இப்போதைய தலைவரின் பேரனை முதலில் தொட்ட கை என் கைதான். பிள்ளையை வாங்கிக்கொண்டார்கள். தேத்தண்ணியை மட்டும் எனக்கு வேறு கோப்பையில் கொடுத்தார்கள். நான் குடிக்கவில்லை.

மூன்றே மூன்று அடி

சாவு வீட்டுக்கு வருகிறேன்.

பந்தலுக்குள் அப்பாவைக் கிடத்தியிருந்தோம். தலைமாட்டில் அம்மா. கால்மாட்டில் சோமபால மாமா, ரம்புக்கனையிலிருந்து பஸ் மாறி மாறி வந்து, நாற்காலி கொடுத்தும் உட்காராமல் பாயில் உட்கார்ந்திருந்தார். கொடகவெலயில் வேலை செய்யும் என் தம்பி சந்திரன் ஈர வேட்டியோடு நின்றான். காலையிலிருந்து மழை தூறிக்கொண்டிருந்தது.

தலைவர் மைக்கில் வீரம் பேசி முடித்தார். அடுத்து கலைக்குத் தாவினார்.

"நம்ம பாரம்பரியக் கலை தப்பு. அது அழிஞ்சுகிட்டு வருது. ஐயாவோட குடும்பம் அந்தக் கலையக் கட்டிக் காத்த குடும்பம். இன்னைக்கு ஐயாவோட மகன் அந்தத் தப்ப எடுத்து மூணே மூணு அடி அடிச்சு, ஐயாவ வழியனுப்பி வைக்கணும்னு கமிட்டி சார்பா கேட்டுக்குறேன்."

கலையாம். கேவலமாக இருக்கும்வரை அது எங்கள் வேலை. மேடை ஏறியதும் அது எல்லோருடைய கலை. கலை அழியக்கூடாது என்று தொண்டை வறளப் பேசுகிற யாராவது, தன் மகனைக் கூப்பிட்டு அவன் தோளில் அதை மாட்டியிருக்கிறாரா? தலைவரின் மகன் வீடியோ எடுப்பதற்கு டெலிபோனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தயாராக நின்றான்.

கமிட்டிக்காரர் ஒருவர் கோயில் பித்தளைத் தட்டைக் கொண்டுவந்தார். வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, ஒரு நாணயம். பந்தலுக்குள் கால் வைக்காமல், வெளியே நின்றே குனிந்து, தட்டைத் தரையில் உள்ளே தள்ளிவிட்டார். அது அப்பாவின் பாய் ஓரத்தில் வந்து நின்றது. பின்னால் இன்னொருவர் காய்ச்சிய தப்போடு நின்றார்.

நான் எழுந்துவிட்டேன். "தட்ட எடுங்க" என்றேன்.

தலைவர் மைக்கை விலக்கிக்கொண்டு, குரலைத் தாழ்த்தி, என்னிடம் அன்பாகப் பேசினார்.

"மிட்வைப்பம்மா, கோவப்படாதீங்க. எல்லாம் ஒரு சாஸ்திரத்துக்குத்தான். குழி வெட்டப் போன பசங்க மழைக்கு ஒதுங்கி நிக்கிறாங்க. இங்க முறை ஆரம்பிச்சிட்டா அவங்களும் இறங்கிருவாங்க. நேரமாகுதில்ல?"

புரிந்தது. பையன்களை நிறுத்திவைத்ததே அவர்தான். மழை வெறும் சாக்கு.

தம்பி என் பக்கம் வந்தான். அவன் கண் கலங்கியிருந்தது.

"அக்கா, விடுக்கா. மூணு அடிதானே? அடிச்சிட்டா முடிஞ்சிரும். அப்பாவ எவ்வளவு நேரம் இப்பிடிப் போட்டு வைக்கிறது?"

அவனைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. பாயில் கிடப்பவர் யார் என்று அவனுக்கும் தெரியும். ஆயுசு முழுக்க, வராத கொர்னட்டை ஊதி ஊதி, ஊரார் சிரிப்பை வாங்கிக் கட்டிக்கொண்டு, தன் பிள்ளையின் கையில் அந்தக் குச்சி வராமல் பார்த்துக்கொண்ட மனிதர். அவர் எழுந்து மறுக்க முடியாத ஒரே நாள் பார்த்துத் தட்டை வைத்தார்கள். மூன்று அடி போதும். அதன்பிறகு அடுத்த சாவுக்குத் தட்டு என் தம்பி வீட்டு வாசலுக்குத்தான் போகும். அதற்கடுத்து அவன் பிள்ளைகள்.

தம்பி தட்டைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவன் கை லேசாக நீண்டது.

அதற்குள் அம்மா தட்டை இழுத்துத் தன் மடிப் பக்கம் வைத்துக்கொண்டார்.

காலையிலிருந்து ஒரு சொல் பேசாதவர், ஒரு வெற்றிலையை எடுத்து, சேலை முந்தானையில் இரண்டு பக்கமும் துடைத்தார். காம்பைக் கிள்ளினார். சுண்ணாம்பைத் தடவினார். பாக்கை வைத்து மடித்து, கடைவாயில் போட்டு மென்றார். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தோம். புருஷன் பிணத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வெற்றிலை போடுகிற பெண்ணை அந்தத் தோட்டம் அதுவரை பார்த்திருக்காது.

"வெத்தல நல்ல எளசு, தலைவரே" என்றார் அம்மா.

"என்னா முத்தாயி இது!" என்று தலைவர் கத்தினார். அதுவரை மைக்கில் 'முத்தாயி அக்கா' என்று சொல்லிக்கொண்டிருந்தவர். பதற்றத்தில் மைக்கை மறுபடி வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோய்விட்டார். அக்கா இல்லாத அந்த முத்தாயி கீழ் லயம், மேல் லயம், ரப்பர் ஸ்டோர் எல்லாம் கேட்டது.

"வெத்தலய எடுத்தவங்கதானே அடிக்கணும்? அதானே உங்க முறை? எடுத்தது நான். தப்ப இங்க கொண்டாங்க, நான் அடிக்கிறேன்."

"பொம்பள எப்பிடி அடிக்கிறது? அப்பிடி ஒரு முறையே இல்ல."

"இல்லன்னா போகட்டும். வேற வெத்தல வாங்குறதுக்கு இந்த வீட்டுல ஆளு கெடையாது. எம்மகன் போடுறதில்ல." இன்னொரு வெற்றிலையை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தார். "குழியப் பத்தி எங்களுக்குப் பயங் காட்டாதீங்க. மலையில கத்தி புடிச்ச கைக்கு மம்பட்டி ஒண்ணும் பாரமில்ல."

என்ன நடக்கிறது என்று சோமபால மாமாவுக்கு அரைகுறையாகத்தான் புரிந்திருக்கும். குழி, மம்பட்டி என்ற இரண்டு சொல் போதுமாக இருந்தது. பாயிலிருந்து கையூன்றி எழுந்து, வெள்ளைக் கால்சட்டையை முழங்கால்வரை சுருட்டி விட்டுக்கொண்டு, தலைவரிடமே போய், "உதெல்ல கோ, மாத்தயா?" என்று மம்பட்டியைக் கேட்டார். முதுகு வளைந்த அந்தக் கிழவர் உண்மையாகவே வெட்டப் போகிறார் என்று எல்லோருக்கும் தெரிந்தது.

வெளியூர்ச் சிங்களவர் ஒருவர், அதுவும் அந்த வயதில், நம் தோட்டத்துப் பிணத்துக்குக் குழி வெட்டினார் என்று நாளைக்கு எஹலியகொட பஸ் ஸ்டாண்டில் பேசுவார்களே! அந்தப் பயம் பிடித்துக்கொண்டது. மழைக்கு ஒதுங்கியிருந்த பையன்கள் ஒவ்வொருவராகத் தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு மலைப் பக்கம் இறங்கினார்கள். மனச்சாட்சிக்கு நகராதவர்கள் மானக்கேட்டுக்கு ஓடினார்கள். நான் அவர்களுக்கு நன்றி சொல்லவில்லை. இங்கேயும் சொல்லமாட்டேன்.

தப்பு வைத்திருந்தவர் அதை முதுகுப் பக்கம் மறைத்துக்கொண்டார். தலைவரின் மகன் டெலிபோனைச் சட்டைப் பையில் போட்டான்.

தட்டு மட்டும் அம்மாவின் காலடியில் கிடந்தது. கோயில் சொத்து, விட்டுவிட்டுப் போக முடியாது. தலைவர் கமிட்டிக்காரர்களைப் பார்த்தார். கமிட்டிக்காரர்கள் மழையைப் பார்த்தார்கள். "அந்தத் தட்டக் கொஞ்சம்..." என்று அம்மாவிடம் கையை நீட்டினார். அம்மா எடுத்துக் கொடுக்கவில்லை. எங்களையும் எடுக்க விடவில்லை.

கடைசியில் தலைவர் செருப்பைக் கழற்றிவிட்டு, எங்கள் பந்தலுக்குள் வந்து, அம்மாவின் காலடியில் குனிந்து தட்டை எடுத்துக்கொண்டார். அம்மா அவரைப் பார்க்கக்கூட இல்லை. அப்பாவின் முகத்தில் உட்கார வந்த ஈயை முந்தானையால் விரட்டிக்கொண்டே மென்றுகொண்டிருந்தார்.